மாலை ஆறு முதல் ஒன்பது வரை

தியானப் பகுதி: யாத்திராகமம் 34:29-35, லேவியராகமம் 19:14, மத்தேயு 5:14-16



மாலை ஆறு மணி முதல் இரவு ஒன்பது மணி வரையுள்ள மூன்று மணி நேரத்தைக் குறித்து இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். பிள்ளைகள் பாடம் படிப்பதும், அடுப்பங்கரையில் இரவு உணவு தயாராவதும், ஆலையில் ஒரு ஷிப்ட் முடிந்து மறு ஷிப்ட் தொடங்குவதும், நம் இல்ல ஜெபக்கூட்டங்கள் நடைபெறுவதும் இந்த வேளையில்தான். இதே வேளையைக் குறித்து நம் நாட்டில் இரண்டு துறையினர் கவலையோடு கணக்கு வைத்திருக்கிறார்கள். முதலாவது துறை மின்சாரம். இரண்டாவது துறை சாலைப் போக்குவரத்து.

சூரிய மின்சாரம் அடங்கிவிட்ட பிறகு வீடுகளும் கடைகளும் ஒருசேர விளக்கேற்றும் நேரம் என்பதால், மின்துறையினருக்கு இது கடினமான பொழுது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் விபத்து அறிக்கையிலோ, நாளின் எல்லாப் பகுதிகளையும்விட மாலை 6 முதல் 9 மணி வரையிலான பகுதியில்தான் அதிக விபத்துகள் பதிவாகின்றன. 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் 17,884 பேர் தமிழ்நாட்டில் மாண்டவர்கள். இவை வெறும் எண்கள் அல்ல என்பதை அடக்க ஆராதனைகளை நடத்தும் எந்தப் போதகரும் அறிவார்.

அண்மைக் காலத்தில் சபை மக்கள் என்னிடம் அடிக்கடி சொல்லும் குறைகளும் இவ்விரண்டைப் பற்றியவையே. ஒன்று, மாலையானால் மின்னழுத்தம் குறைந்து விசிறி மெல்லச் சுழல்கிறது, சில நேரம் மின்சாரமே நின்றுவிடுகிறது என்பது. மற்றொன்று, இரவில் ஶ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்திற்கும் இடையே வண்டி ஓட்டினால் எதிரே வரும் வாகனங்களின் வெளிச்சம் கண்ணைப் பறிக்கிறது என்பது. முதலாவது குறையில் வெளிச்சம் போதவில்லை. இரண்டாவதில் வெளிச்சம் மிஞ்சிவிட்டது. ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றும் இவ்விரண்டுக்கும் வேர் ஒன்றே என்று நான் எண்ணுகிறேன். நாம் ஏற்றும் வெளிச்சம் நமக்கு அப்பால் யாரைத் தொடுகிறது என்பதை எண்ணிப்பாராமல் ஏற்றுகிறோம்.

முதலில் மின்சாரத்தைப் பார்ப்போம். அரிசியைப் போலவோ எண்ணெயைப் போலவோ மின்சாரத்தைப் பெருமளவில் கிடங்கில் சேர்த்துவைக்க இயலாது. எந்த நொடியில் எவ்வளவு செலவாகிறதோ, ஏறக்குறைய அதே நொடியில் அவ்வளவு உற்பத்தியாக வேண்டும். இந்தச் சமநிலையின் அடையாளம் 50 ஹெர்ட்ஸ் என்னும் அலைவெண். செலவு மிகுந்தால் அந்த எண் தாழும். உற்பத்தி மிகுந்தால் அது உயரும். அளவுக்கு மீறித் தாழ்ந்தால் மின்தொகுப்பைக் காப்பாற்றுவதற்காகச் சில பகுதிகளின் இணைப்பைத் துண்டிக்க நேரிடும். காப்பாற்ற முடியாமல் போனால் என்ன நேரும் என்பதை 2012 ஜூலை 30, 31 ஆகிய நாட்களில் வட இந்தியா கண்டது. இரண்டாம் நாளில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மாநிலங்களில் 60 கோடிக்கும் அதிகமான மக்கள் வாழும் பகுதிகள் இருளில் மூழ்கின. அக்காலத்தில் தென்னகத்தின் மின்தொகுப்பு அவற்றோடு முழுமையாக இணைக்கப்படாதிருந்ததால் நாம் தப்பினோம். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் மின்பாதை வழியாகத் தென்னகமும் இணைந்தது. இன்று நாடு முழுவதும் ஒரே தொகுப்பாக, ஒரே நாடித்துடிப்போடு இயங்குகிறது. ஓர் அவயவம் பாடுபட்டால் எல்லா அவயவங்களும் கூடப் பாடுபடும் என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய கருத்தை விளங்கவைக்க இதைவிடப் பொருத்தமான உவமை இக்காலத்தில் எனக்குத் தென்படவில்லை.

வடக்கின் இருளிலிருந்து தப்பினாலும், அதே 2012-ஆம் ஆண்டில் நாம் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் ஒரு நாளில் பத்து மணி நேரத்திற்கும் மேலாக மின்வெட்டு நிலவியது. நூற்பாலைகளையே நம்பிய நம் ஊரில் ஆலை நின்றால் கூலி நின்றது. சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்த விசைத்தறிகளும் தளவாய்புரத்தின் தையல் எந்திரங்களும் மின்சாரம் வரும் நேரத்திற்காகக் காத்திருந்தன. அந்த நிலை இன்று பெரிதும் மாறிவிட்டது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற அந்நாள்வரை காணாத உச்சத்தை எட்டியபோதும் மாநிலம் அதைத் தாங்கிக்கொண்டது. இதற்காக உழைக்கும் பொறியாளர்களுக்காகவும், மழையிலும் கம்பத்தில் ஏறும் கம்பியாளர்களுக்காகவும் நாம் தேவனைத் துதிக்க வேண்டும்.

ஆனாலும் மாநிலத்துக்குப் போதுமான மின்சாரம் இருப்பதும், ஒரு தெருவின் கடைசி வீட்டுக்கு அது குறைவின்றிச் சேருவதும் ஒன்றல்ல. ஒரு மின்மாற்றியிலிருந்து புறப்படும் கம்பியில் பல வீடுகள் வரிசையாக நிற்கின்றன. எல்லாரும் ஒரே வேளையில் குளிர்சாதனத்தையும் மோட்டாரையும் வெந்நீர்க் கருவியையும் இயக்கும்போது, மின்மாற்றிக்கு அருகிலுள்ள வீட்டில் ஒன்றும் தெரியாது. கம்பியின் கடைக்கோடியில் உள்ள வீட்டில் விளக்கு மங்கும். நம் ஊர்களில் தெருவின் கடைக்கோடியில் பெரும்பாலும் யார் குடியிருக்கிறார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. நம் வீட்டு மோட்டாரை ஏழு மணிக்கு ஓட்டாமல் பிற்பகலில் ஓட்டினால் நமக்கு எந்த நஷ்டமும் இல்லை. கடைசி வீட்டுப் பிள்ளைக்கு அது பாடம் படிக்கும் வெளிச்சமாகிறது.

"நான் ஒருவன் ஒரு சுவிட்சை அணைப்பதால் என்ன ஆகிவிடும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டுகிறேன். 2020 ஏப்ரல் 5, குருத்தோலை ஞாயிறு. கொள்ளைநோய்க் காலத்து ஊரடங்கின் நடுவே, ஆலயத்திற்குச் செல்ல இயலாமல் வீடுகளில் அடைபட்டிருந்தோம். அன்றிரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடங்கள் மின்விளக்குகளை அணைத்து அகலோ மெழுகுவர்த்தியோ ஏற்றும்படி பிரதமர் நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். அந்தச் சில நிமிடங்களில் நாட்டின் மின்தேவை ஏறத்தாழ 31,000 மெகாவாட் சரிந்தது. மின்தொகுப்பை நிர்வகிப்பவர்கள் எதிர்பார்த்ததைவிட இது இரு மடங்குக்கும் அதிகம். நான்காண்டுகளுக்குப் பின் தமிழ்நாடு முழுவதும் எட்டிய உச்சத் தேவையைக் காட்டிலும் இது மிகுதி. நீர்மின் நிலையங்களின் உற்பத்தியை விரைந்து குறைத்தும் மறுபடி கூட்டியும் பொறியாளர்கள் அந்த இரவைக் கடத்தினார்கள். அந்த வேண்டுகோளைக் குறித்து அவரவருக்கு அவரவர் கருத்து இருக்கலாம். ஒன்று மட்டும் மறுக்க முடியாதது: வீட்டுக்கொரு சுவிட்சாக அணைக்கப்பட்டவை சேர்ந்து ஒரு மாநிலத்தின் மொத்தத் தேவையைவிடப் பெரிதாயின. தனி மனிதனின் கை சிறியதென்று அதன்பின் ஒருவரும் சொல்ல இயலாது.

இனி சாலைக்கு வருவோம். வாகனத்தின் முகப்பு விளக்கு மின்வாரியத்தின் கம்பியிலிருந்து எரிவதில்லை. அது எரிபொருளின் வேலை என்று ஒருவர் சரியாகவே சொல்லலாம். ஆயினும் இரண்டு பிரச்சினைகளும் ஒரே கண்டுபிடிப்பின் நிழலில் வளர்ந்துள்ளன. நீல ஒளி தரும் எல்.ஈ.டி.யைக் கண்டறிந்த மூன்று அறிஞர்களுக்கு 2014-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதிலிருந்து பிறந்த வெள்ளை விளக்கு ஒரு நன்கொடை. 60 வாட் குண்டு பல்பு செய்த வேலையை ஏறத்தாழ 9 வாட்டில் அது செய்கிறது. 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தின் வழியாக நாடெங்கும் 36 கோடிக்கும் அதிகமான எல்.ஈ.டி. பல்புகள் வழங்கப்பட்டன. ஆனால் வெளிச்சம் மலிவானதும் மனிதன் என்ன செய்தான்? மிச்சமானதைச் சேமிப்பதற்குப் பதிலாக, ஒரு விளக்கு இருந்த இடத்தில் நான்கை மாட்டினான். அதே மலிவு வாகனத்திற்கும் வந்தது. உதிரிபாகக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வெள்ளை விளக்கு இன்று மொபெட் முதல் லாரி வரை எல்லாவற்றிலும் ஏறியிருக்கிறது.

இதில் என்ன தீங்கு என்று கேட்கலாம். பழைய ஹாலஜன் பல்பில் இரண்டு இழைகள் உண்டு. ஒன்று தூர வெளிச்சத்திற்கு, மற்றொன்று தாழ்ந்த வெளிச்சத்திற்கு. தாழ்ந்த வெளிச்சத்திற்கான இழையின் கீழே ஒரு சிறு உலோகத் தடுப்பு இருக்கும். மேல்நோக்கிச் செல்லக்கூடிய கதிர்களை அது மறைக்கும். பின்னாலுள்ள கண்ணாடிக் குழிவும் அந்த இழை நிற்கும் இடத்தைக் கணக்கிட்டே வடிவமைக்கப்பட்டது. அந்தக் கூட்டுக்குள் தரமற்ற எல்.ஈ.டி. ஒன்றைச் செருகும்போது ஒளி பிறக்கும் இடம் மாறுகிறது, தடுப்பும் இல்லாமற்போகிறது. விளைவு, நாம் 'டிம்' செய்தாலும் வெளிச்சம் தாழ்வதில்லை. எதிரே வருபவரின் கண்ணுக்கு நேராகச் செல்கிறது. நீலம் கலந்த வெண்மை கண்ணுக்குள் அதிகமாகச் சிதறுவதால் கூச்சமும் மிகுகிறது. ஓட்டுபவருக்கு "நன்றாகத் தெரிகிறது". எதிரே வருபவருக்கு ஒன்றுமே தெரிவதில்லை.

60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. இரண்டு நொடிகள் கண் மறைந்தால் 33 மீட்டர் தூரம் அந்த வண்டி பார்வையற்ற ஒருவரால் ஓட்டப்படுகிறது. வயது ஏற ஏற, கூச்சத்திலிருந்து கண் மீண்டுவர எடுக்கும் நேரமும் நீளுகிறது. கண்புரை தொடங்கியவர்களுக்கு ஒரே விளக்கு ஒளிவட்டமாகச் சிதறித் தெரியும். இந்த 33 மீட்டருக்குள் யார் இருக்கிறார்கள்? ஷிப்ட் முடித்து சைக்கிளில் திரும்பும் ஆலைத் தொழிலாளி இருக்கிறார். விலக்கில் பேருந்துக்காக நிற்கும் தாய் இருக்கிறார். ஆடியிலும் தையிலும் இருக்கன்குடிக்கு நடந்துசெல்லும் குடும்பங்களும், கார்த்திகை மார்கழியில் சபரிமலைக்குச் செல்வோரும் இருக்கிறார்கள். எரிகோ சாலையில் கிடந்த மனிதனின் ஊரையும் குலத்தையும் நல்ல சமாரியன் விசாரிக்கவில்லை. நம் சாலையில் நடப்பவர்கள் எவராயினும் நமக்குப் பிறனே.

சட்டம் இதைப் பற்றி மௌனமாயில்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், முகப்பு விளக்கின் ஒளி கீழ்நோக்கியே சாய்ந்திருக்க வேண்டும் என்கின்றன. வண்டிக்கு முன்னே 8 மீட்டர் தொலைவில், அதன் வலப்புறத்தில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள ஒருவரின் கண் கூசக் கூடாது என்று அளவும் குறித்துவைத்திருக்கின்றன. அந்த இடத்தில் நிற்பவர் யார் என்று எண்ணிப்பாருங்கள். எதிரே வருகிற மனிதரின் கண்ணிலிருந்து நம் விளக்கைப் பார்க்கும்படி சட்டம் கேட்கிறது. 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் விளக்கு தானாகவே எப்போதும் எரிகிறது. அது மற்றவர்கள் நம்மைக் காண்பதற்கே. தூர வெளிச்சத்தை இட்டுக்கொண்டே செல்வதற்கு அது அனுமதி ஆகாது.

வேதம் இன்னும் ஆழமாகப் பேசுகிறது. பார்வையற்றவரின் பாதையில் இடறுபொருளை வைக்கலாகாது என்று லேவியராகமம் 19:14 கற்பிக்கிறது. இடறச் செய்தது யார் என்பதை அவர் காண இயலாது. ஆயினும் தேவன் காண்கிறார் என்பதே அக்கட்டளையின் அடிப்படை. நாமோ பார்வையுள்ளவரையே சில நொடிகள் பார்வையற்றவராக்கி, பள்ளமும் தடுப்புச்சுவரும் உள்ள சாலையில் விட்டுவிட்டு, அவருக்கு என்ன நேர்ந்தது என்று திரும்பிப் பாராமலே கடந்துவிடுகிறோம்.

சீனாய் மலையிலிருந்து இறங்கிய மோசேயின் முகம் பிரகாசித்தது. அது திருட்டு வெளிச்சமன்று. தேவனோடு பேசியதால் உண்டான மகிமை. ஆனாலும் ஆரோனும் மக்களும் கிட்டே வர அஞ்சினார்கள். மோசே அவர்களை அருகில் அழைத்துப் பேசினார். பேசி முடித்தபின் தம் முகத்தை முக்காட்டினால் மூடிக்கொண்டார். இந்த முக்காட்டுக்குப் பவுல் இரண்டாம் கொரிந்தியர் நிருபத்தில் வேறொரு பொருள் தருகிறார்: மங்கிப்போகும் மகிமையின் முடிவை மக்கள் காணாதபடிக்கு என்கிறார். அந்த விளக்கத்தை நான் மறுக்கவில்லை. யாத்திராகமப் பகுதியை அதன் சொந்த இடத்தில் வாசிக்கும்போதோ, என் மனம் வேறொன்றில் நிற்கிறது. மகிமை உடையவர் மக்களின் பலவீனத்தைக் கண்டு தம் ஒளியை மறைத்துக்கொண்டார். மோசேக்குக் குறைவொன்றும் நேரவில்லை. தேவ சமுகத்திற்குள் போகும்போது முக்காட்டை எடுத்தார். வெளியே வந்து மக்களோடு பேசியபின் போட்டுக்கொண்டார். எங்கே எவ்வளவு ஒளி தகும் என்பதை அறிந்திருந்தார்.

ஆசரிப்புக் கூடாரத்தின் குத்துவிளக்கைக் குறித்தும் எண்ணாகமம் எட்டாம் அதிகாரத்தில் கர்த்தர் திசையைக் குறித்துச் சொல்கிறார்: ஏழு அகல்களும் விளக்குத்தண்டுக்கு முன்புறமாக வெளிச்சம் தர வேண்டும். ஏற்றினால் போதும் என்று விடவில்லை. மலைப்பிரசங்கத்தில் நம் ஆண்டவர் சொன்ன விளக்கும் வீட்டிலுள்ள யாவருக்கும் பயன்படுகிறது. மனிதர் காண வேண்டியவை நற்கிரியைகள். மகிமை பரம பிதாவுக்கு. விளக்கையே வெறித்துப் பார்த்து ஒருவர் கண்ணை மூடிக்கொள்ள நேர்ந்தால், அது எந்த விளக்கானாலும் தன் வேலையைச் செய்யவில்லை.

"எதிரே வருபவர் டிம் செய்வதில்லை, நான் மட்டும் ஏன் செய்ய வேண்டும்? நான் தாழ்த்தினால் எனக்குத்தானே சாலை தெரியாது?" என்ற கேள்வியை வாலிபர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அவர் தூர வெளிச்சத்தோடு வரும்போது நாமும் அதையே செய்தால், குறுகிய சாலையில் இரண்டு பார்வையற்றோர் நேருக்கு நேர் வருகிறார்கள். நாம் தாழ்த்தினால் அவருக்காவது கண் தெரியும். அவருக்குக் கண் தெரிந்தால் நாம் பிழைக்கிறோம். வேகத்தைக் குறைத்து, சாலையின் இடது ஓரக் கோட்டின்மேல் பார்வையை வைத்துக் கடப்பதே அந்நேரத்து ஞானம். தீமைக்குத் தீமை செய்யாதிருப்பது பலவீனம் என்று உலகம் எண்ணுகிறது. இரவுச் சாலையில் அது இருவரின் உயிரையும் காக்கும் வழி.

அதிகாரிகளுக்கும் பொறுப்பு உண்டு. காவலர்கள் முகப்பு விளக்கின் நடுவே கறுப்பு ஒட்டும் பணியைப் பாதுகாப்பு வாரத்தோடு நிறுத்தக் கூடாது. தகுதிச் சான்று தரும்போது விளக்கின் சாய்வைச் சோதிக்க வேண்டும். விதிக்குப் புறம்பான பல்புகளை விற்கும் இடத்திலேயே தடுக்க வேண்டும். வாங்கிய ஏழையிடம் அபராதம் வாங்கிவிட்டு விற்றவரை விட்டுவிடுவது நீதியாகாது. கடைக்கோடித் தெருக்களுக்குக் கூடுதல் மின்மாற்றி கேட்டு மனுச் செய்வதும் நம் சமுதாயக் கடமையே. ஆனால் நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டில் தொடங்கும் என்று பேதுரு எழுதுகிறார். ஆகையால் திருச்சபையாகிய நாம் முதலில் செய்யக்கூடியவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

1. இந்த வாரம் ஒரு மாலையில் உங்கள் வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, டிம் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். விளக்கின் உயரத்திற்கு மேலே விழுந்தால் மெக்கானிக்கிடம் காட்டித் தாழ்த்துங்கள். பின்னால் ஆளோ சுமையோ ஏறினால் முன்புறம் சற்று உயரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

2. வெளியே வாங்கிப் பொருத்திய எல்.ஈ.டி. பல்புகளையும் கூடுதல் விளக்குகளையும் கழற்றிவிட்டு, கம்பெனி பொருத்திய வகைக்கே திரும்புங்கள். சபையின் வாகனங்களிலிருந்து இதைத் தொடங்குவோம்.

3. மோட்டார், சலவை இயந்திரம், இஸ்திரி ஆகியவற்றையும், மின்வண்டி வைத்திருப்போர் அதன் சார்ஜையும், மாலை ஆறு முதல் பத்து மணிக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

4. கண்காட்சி போன்ற ஆலய அலங்கார விளக்குகளில், சாலையை நோக்கி நிற்கும் ஃபோகஸ் விளக்குகளை கோபுரத்தின் பக்கம் திருப்புவோம். பண்டிகை நாட்களிலும் ஆராதனை முடிந்த ஒரு மணி நேரத்திற்குள் அவற்றை அணைப்போம். இதைக் கமிட்டியின் அடுத்த கூட்டத்தில் நானே முன்மொழிகிறேன்.

5. இல்ல ஜெபக்கூட்டம் முடிந்து நடந்தும் சைக்கிளிலும் வீடு திரும்புவோருக்கு ஒளிரும் பட்டைகளை வாலிபர் சங்கத்தார் வாங்கித் தரலாம். முதியோரை இரவில் தனியே வண்டி ஓட்ட விடாதிருங்கள். கண்புரைச் சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர்களை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லுங்கள்.

இவை ஒன்றும் பெரிய தியாகங்கள் அல்ல. டிம் செய்வதற்குக் கட்டைவிரலின் ஓர் அசைவு போதும். நாம் யாருக்காக அதைச் செய்தோம் என்று அவருக்குத் தெரியப்போவதில்லை. நமக்கும் அவர் முகம் தெரியப்போவதில்லை. இடதுகை அறியாமல் வலதுகை செய்யும் தர்மம் இரவுச் சாலையில் இப்படித்தான் நடக்கிறது.

ஜெபிப்போம்: ஒளியை உண்டாக்கி அதற்கு எல்லையையும் வைத்த தேவனே, நீர் தந்த வெளிச்சத்தைப் பிறருக்கு இடறலாக்காமல் பயன்படுத்த எங்களுக்குப் போதியும். இன்றிரவு சாலையில் இருப்பவர்களையும், ஆலையில் விழித்திருப்பவர்களையும், மின்கம்பத்தில் ஏறியிருப்பவர்களையும் காத்தருளும். அவரவர் வீட்டில் அவரவருக்காகக் காத்திருப்போரிடம் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.